மூன்றரை இஞ்சிக் கண்

மாத்தளை மாவட்டத்து மீன் பத்திரிகையில் வந்தால் பெரும்பாலும் ஒரே படம்தான். குளக்கரையில் வலையைக் குவித்து வைத்திருப்பார்கள். அதில் தீ எரியும். சுற்றிவரச் சீருடை. தடை செய்யப்பட்ட வலைகள் அழிக்கப்பட்டன என்று இரண்டு வரி. வலைக்குச் சொந்தக்காரர் படத்தில் இருக்கமாட்டார். வலையை விற்றவர் நிச்சயமாக இருக்கமாட்டார்.

அப்படியொரு செய்தியைக் காட்டித்தான் கலேவெல நண்பரிடம் பேச்சை ஆரம்பித்தேன். மீன்பிடிச் சட்டம் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது பாக்கு நீரிணை. இழுவைப் படகு, எல்லை தாண்டல், அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரனின் தனிநபர் சட்டமூலம் 2017 இல் நிறைவேறி இழுவைமடி தடையானது. கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் என்ன சட்டம், யார் பிடிக்கிறார்கள், யாரைப் பிடிக்கிறார்கள்? நண்பர் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி வியாபாரி. நான் கேட்டு முடிக்குமுன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துவிட்டார். "சிலாபத்து மனுசன் ஒருத்தர் இருக்கார். நம்மட பாஷை நல்லாக் கதைப்பார். வாங்க போவம்."

குளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தம்புள்ளையிலிருந்து அதிக தூரமில்லை என்பது போதும். இந்தப் பக்கத்தில் கண்டலம, இப்பன்கட்டுவ, தேவஹுவ என்று குளங்களுக்குக் குறைவில்லை. பொல்கொல்லயில் 1976 இல் மறித்த மகாவலித் தண்ணீர் சுரங்கத்தால் சுது கங்கைக்கு வந்து, மாத்தளையைக் கடந்து, போவதென்னவிலிருந்து வடக்கே போகிறது. 2017 இல் மொரகஹகந்தவும் நிரம்பத் தொடங்கியது. எல்லாம் வயலுக்கும் மின்சாரத்துக்கும் தேக்கிய தண்ணீர். மதகை எப்போது திறப்பது என்று மீன்பிடிக்கிறவரிடம் எவரும் கேட்பதில்லை.

பெரியவர் கரையில் குந்தியிருந்து வலையிலிருந்த சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய பைபர் தோணி. மாமனோடு சிலாபத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். உலர்வலயக் குளங்களில் வலைத்தொழிலைத் தொடங்கியவர்களில் பலர் அந்தக் கரையோரத்துக் கத்தோலிக்கர்கள்தான். சிங்கள மனைவி, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. என்னோடு கதைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது போலப் பட்டது.

பின்னேரம் வலை விடுவது, விடியலில் எடுப்பது. மேல் கயிற்றில் மிதப்பு, கீழ்க் கயிற்றில் ஈயம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத வேலி. வலைத் துணியைக் கயிற்றில் எத்தனை கண்ணுக்கு ஒரு கட்டு என்று கோர்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறதாம். அக்கா, அதாவது அவர் மனைவி, அதை எனக்கு விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

பிடிபட்டது ஒரு பலகைத் துண்டு. உள்ளங்கை நீளம், விரல் தடிப்பு, வியர்வையில் கறுத்துப்போனது. மாமன் செதுக்கியது. கண்ணொன்றின் ஒரு முடிச்சைப் பலகையின் ஒரு முனையில் மாட்டி, எதிர் முடிச்சை இழுத்து மறுமுனையைத் தாண்டச் செய்கிறார். தாண்டினால் வலை நல்ல வலை. தாண்டாவிட்டால் களவு வலை. சட்டமும் இதையேதான் செய்கிறது. நீர்த்தேக்கங்களில் விடும் செவுள் வலைக்கு, இழுத்துப் பிடித்த நிலையில் கண் 85 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இஞ்சிக் கணக்கில் மூன்றேகாலுக்குச் சற்று மேலே வரும். "நான் மூண்டரைதான் வாங்குவன் தம்பி. நனைஞ்சு நனைஞ்சு முடிச்சு இறுகினா அளவு குறையும். ஐயாமார் அடிமட்டம் வச்சா அந்த நூல் அளவுக்கு ஆர் கோடு ஏறுறது?" கோடு என்றது நீதிமன்றத்தை.

1940 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை நீக்கி 1996 இல் வந்த 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும்தான் இங்கே ஆட்சி. தொழிலுக்கு அனுமதிப்பத்திரம், தோணிக்குப் பதிவு. நஞ்சு, வெடி, மீனை மயக்கும் பொருள் எதுவும் ஆகாது. ஒற்றையிழைத் தங்கூசி வலைக்கு 2006 இல் தடை வந்தது. தங்கூசி மலிவு, தண்ணீரில் தெரியாது, எளிதில் உக்காது. அறுந்து அடியில் போய்விட்டால் ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். பெரியவருக்கு அதன்மேல் தனிக் கோபம். தண்ணீருக்குள் நிற்கிற பட்டமரங்களில் சிக்கிக் கிடப்பதைத் தோணியிலிருந்து காட்டினார்.

கண் ஏன் அந்த அளவு என்பதற்கு விடை மீனின் வாயில் இருக்கிறது. இந்தக் குளங்களின் பிடிபாட்டில் பெரும்பங்கு திலாப்பியா. ஊரில் யப்பான் மீன் என்றும் சொல்வார்கள். யப்பானுக்கும் அதற்கும் தொடர்பில்லை, 1952 இல் இங்கே விட்டது மொசாம்பிக் வகை, நைல் வகை பிறகு வந்தது. பெட்டை முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், பொரித்த குஞ்சையும் சில நாள் வாயிலேயே காக்கும். வலையிலிருந்து ஒன்றைக் கழற்றியபோது தோணித் தட்டில் கடுகு சிந்தினது போலக் குஞ்சுகள் விழுந்தன. பெரியவர் அவற்றைத் தண்ணீரோடு வாரி வெளியே விட்டார். ஒரு தடவையாவது ஈன்ற பிறகே மீன் சிக்கவேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். மூன்றரைக் கண்ணில் ஏறக்குறைய ஒரு சாண் மீன்தான் மாட்டும். அதற்குச் சின்னது நுழைந்து போய்விடும்.

சட்டத்தைப் பற்றிக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு, சட்டத்தைப் பார்க்க ஆளில்லாத காலத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் சொன்னார். 1990 இல் பிரேமதாச அரசு உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாமா என்ற பௌத்தத் தரப்பின் எதிர்ப்பே காரணம் என்று சொல்லப்பட்டது. குஞ்சு விடுவது நின்றது, உத்தியோகத்தர் குளக்கரைக்கு வருவதும் நின்றது. கொலை நிற்கவில்லை. "முதல்ல மூண்டரை. பக்கத்துத் தோணிக்காரன் மூண்டு போட்டான். அவன் பிடிக்கிறதப் பார்த்து மற்றவன் ரெண்டரை. கடைசில நுளம்பு வலைதான் மிச்சம்." நாடு முழுவதும் 1989 இல் 39,000 தொன்னைத் தாண்டியிருந்த உள்நாட்டு மீன் உற்பத்தி, 1994 இல் சுமார் 12,000 தொன். ஆட்சி மாறிய பிறகே ஆதரவு திரும்பியது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை வந்தது. அதன் குஞ்சு வளர்ப்பு நிலையமொன்று தம்புள்ளையிலேயே இருக்கிறது. ஆதரவு நின்றிருந்த அந்த நாலு வருடத்தில் பெரியவர் தோணியை விற்றுக் கட்டட வேலைக்குப் போனார், திரும்பக் கடனில்தான் தொழிலுக்கு வந்தார். அந்தக் கடனுக்கு வருகிறேன்.

அதற்கு முன் அக்காவின் வழக்கு. அவருக்குத் திலாப்பியா பிடிக்காது. அது விற்கிற மீன். கறிக்கு அவர் கேட்பது பெத்தியா வகைப் பொடி மீன். விரல் நீளம், முள்ளோடு பொரித்துத் தின்னலாம். குளத்தில் அது கொட்டிக் கிடக்கிறது. வளர்ந்து முதிர்ந்தாலும் அவ்வளவுதான் அதன் அளவு. மூன்றரைக் கண்ணில் அது சிக்கவே சிக்காது. அரை இஞ்சி, முக்கால் இஞ்சிக் கண் வேண்டும், அது குற்றம். ஒரு குடும்பத்தின் இராச் சாப்பாட்டுக்கு ஒரு துண்டு வலை வீட்டுக் கூரையில் செருகியிருந்தாலும் அது குற்றத்தின் சாட்சிப் பொருள்.

இது அக்காவின் நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. களனிப் பல்கலைக்கழகத்து உபாலி அமரசிங்க போன்ற ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதிவருவதும் இதையே. திலாப்பியாக் குஞ்சு கரையோர ஆழமற்ற தண்ணீரில் ஒதுங்கி நிற்கும். பொடி மீன் கூட்டம் ஆழப்பக்கம் திரியும். ஆழத்தில் மட்டும் சின்னக் கண் வலையை விட்டால் திலாப்பியாக் குஞ்சுக்குப் பெரிய சேதமில்லாமல் பொடி மீனைப் பிடிக்கலாம். மலிவான புரதம் என்று அறிக்கைகளில் எழுதுகிற சாமான், எவரும் தொடாமல் தண்ணீரில் கிடந்து சாகிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "இத சொல்ல பல்கலைக்கழகம் வேணுமா?" என்றார். எனக்கு இந்த இடத்தில் சட்டத்தின்மேல் மரியாதை குறைகிறது. 1952 இல் வந்த ஒரு மீனின் உடம்பை அளந்து செய்த விதி, அதற்கு முன்பிருந்தே இந்தத் தண்ணீரில் இருக்கிற மீன்களையும் அவற்றைத் தின்றவர்களையும் கணக்கில் எடுக்கவில்லை.

தின்றவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வந்த தன் நூலில் கிராமத்தார் கூடையால் மீன் பிடிப்பதை எழுதியிருக்கிறார். குச்சியால் கட்டிய கூடை, மேல்வாய் ஒடுக்கம், அடிவாய் அகலம். சேற்றுத் தண்ணீரில் குத்தி, மேல்வாயால் கைவிட்டு எடுப்பது. மட்டக்களப்பில் கரப்பு என்பது இதுதான். சிங்களத்தில் கரக்க. குளம் வற்றும் காலத்தில் ஊரே இறங்கிப் பிடித்தது. இப்போது மகாவலித் தண்ணீர் வருவதால் பெரிய குளங்கள் அப்படி வற்றுவது குறைவு; கரப்பு ஹோட்டல்களில் விளக்குக்கு உறையாகத் தொங்குகிறது.

வலைக் கண்ணில் வாதம் இருக்கலாம், வெடி விஷயத்தில் எவருக்கும் இரண்டு கருத்தில்லை. நக்கிள்ஸ் மலைச்சரிவில், லக்கலைப் பக்கத்து ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டை இனங்கள் இருக்கின்றன. மகாவலி ஆற்றுத்தொகுதிக்கே உரிய பச்சை லேபியோ என்ற மீன் ஆழமான மடுக்களில் பாறை இடுக்கில் வாழ்கிறது. ஒரு மடுவில் ஒரு வெடி போட்டால் பெரிதும் சிறிதும் ஒன்றாகச் சாகும், பாதி மேலே மிதக்கும், பாதி பாறைக்குள்ளேயே அழுகும். அதைத் தடுக்கிற பிரிவு சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் குளக்கரைக்கு ஜீப் போகும், லக்கலை மடுவுக்கு நடக்கவேண்டும். படம் எடுக்க வசதியான இடத்தில்தான் வலை எரிகிறது.

இனிக் கடன். காலை ஏழு மணிக்கு, மீன் வாங்கும் முதலாளியின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தான். பின்னால் ரெஜிபோம் பெட்டி, கையில் தொங்குதராசு. விலையை அவன் சொன்னான், பெரியவர் கேட்கவில்லை. 'தண்ணிக் கழிவு' என்று ஒவ்வொரு நிறுவையிலும் கொஞ்சம் கழித்தான். அந்த மீன் மத்தியானத்துக்குள் மாத்தளைத் தோட்டத்து லயன்களுக்குப் போய்விடும். திருகோணமலைக் கடல் மீன் வாங்க வசதியில்லாத வீடுகளில் அதுதான் குழம்பு. வாங்குகிற அம்மாவுக்கும் விலை அதிகம், பிடித்தவருக்கும் காசில்லை. நடுவில் ஒரு பெட்டியும் ஒரு எஞ்சினும் மட்டும்தான்.

தோணி முதலாளியுடையது. வலை முதலாளி கடனாகக் கொடுத்தது. வேறு ஆளுக்கு மீன் விற்றால் இரண்டும் திரும்பப் போய்விடும். பெரியவர் மூன்றரை வலைக்குப் பிடிவாதம் பிடிப்பதால் கடன் மெதுவாகத்தான் இறங்குகிறதாம். பக்கத்துப் பொடியன்களுக்குக் கொடுத்தது இரண்டரைக் கண், அதுவும் தங்கூசி. சின்னக் கண் என்றால் இன்றைக்கே நிறை ஏறும், கொடுத்த கடன் கெதியில் திரும்பும். பிடிபட்டால் வலை எரியும். எரிந்த வலையின் விலையும் பொடியன் கணக்கில் ஏறும். முதலாளிக்கு நெருப்பால் நட்டமில்லை, இன்னொரு வலை விற்றிருக்கிறது. தடை செய்த வலையை இந்தப் பொடியன்கள் துறைமுகத்தில் இறக்கவில்லை, கடையில் வைத்து விற்கவும் இல்லை. அடிமட்டத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறவர்கள் ஒருநாள் அதைக் கடைக்கும் கொண்டுபோகட்டும். கொடுத்தவர் பெயரைக் கேட்டு எழுதட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிறதே காணும்.

ஆழத்துக்குச் சின்னக் கண் வலை அனுமதிக்கவேண்டும் என்றும், தங்கூசி கொடுக்கிறவரைப் பிடிக்கவேண்டும் என்றும் மீனவர் சங்கத்தில் ஒரு கடிதம் எழுதினால் என்ன என்று பெரியவரிடம் கேட்டேன். குஞ்சு வாங்கச் சங்கமும் காசு போடுகிறது, சங்கத்தின் சொல் எடுபடாதா?

"கடிதம் எழுதலாம் தம்பி. பொருளாளர் கையெழுத்து வேணும்."

பொருளாளர் யார் என்று கேட்டேன். நண்பர்தான் பதில் சொன்னார், சிங்களத்தில், குரலைத் தாழ்த்தி: முதலாளியின் மைத்துனர்.