கௌரியும் கெளரியும்

தமிழில் கர்சர் எழுத்துக்குள் நுழையாது. 'கோ' என்று அடித்துவிட்டு இடது அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். கொம்பு, ககரம், கால் மூன்றையும் ஒரே தாண்டாகத் தாண்டி முன்னால் போய் நிற்கும். அங்கிருந்து டெலீட் தட்டினால் முழு எழுத்தும் காலி. பின்னாலிருந்து பேக்ஸ்பேஸ் தட்டினால் குறி மட்டும் உதிர்ந்து 'க' மிஞ்சும். நமக்கு அது ஓர் எழுத்து. யூனிகோடுக்கு ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியீட்டையும் 2010இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் போனும் லேப்டாப்பும் யூனிகோடோடுதான் குடித்தனம் நடத்துகின்றன.

இந்த வித்தியாசம் எனக்கு உதவியது மொய் நோட்டு விஷயத்தில். எங்கள் பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். வந்த பணம் வட்டியில்லாக் கடன் மாதிரி. செய்தவர் வீட்டில் விருந்து வரும்போது திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அப்பா போன பிறகு, அவருடைய நோட்டுகளை டிடிபி கடை ஒன்றில் கொடுத்து வேர்டில் அடித்து வாங்கினோம். எல்லாம் ஒரே டேபிள்.

"ஆவணத்துக் கௌரி அக்கா எங்க தம்பி? அய்யாயிரத்து ஒண்ணு. உங்கப்பா எழுதுறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள் அம்மா. கன்ட்ரோல் எஃப் போட்டால் இல்லை என்கிறது. பக்கம் பக்கமாக உருட்டிப் பார்த்தால் இருக்கிறது! அந்தப் பெயருக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். உண்மையான 'கௌ' என்றால் ஒரு பேக்ஸ்பேஸில் 'க' நிற்கணும். 'கெ' நின்றது. கடையில் 'கெ' அடித்து பக்கத்தில் ளகரத்தைப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு ஆள். 'கெள' என்று தேடி ஒவ்வொன்றாக மாற்றினேன். ரீப்ளேஸ் ஆல் கொடுக்கவில்லை. மொய் நோட்டில் பட்டப்பெயர் இல்லாமல் ஆளை அடையாளம் சொல்ல முடியாது. கெளுத்தி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவரும் அதில் இருந்தார். அவருடையது அசல் 'கெ', அசல் 'ள'.

டேபிளின் கூத்து தனி. பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் ஒரே கட்டத்தில் மூன்று வரி; தொகை பக்கத்துக் கட்டத்தில் ஒரு வரி. பக்கத்தின் அடியில் வரிசை உடைந்தால் பெயரும் தொகையும் மேலேயே நின்றுவிடும். தெரு மட்டும் அடுத்த பக்கம் போகும், எதிரே தொகை இல்லாமல். பிரின்ட் எடுத்துக் கொடுத்ததும் அம்மா கேட்டாள்: "இது யாரு, சும்மா சாப்புட்டுப் போன ஆளா?"

டேபிள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் போய், ரோ என்ற இடத்தில் 'அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக்கை எடுத்தேன். இப்போது ஆள் மொத்தமாக அடுத்த பக்கம் போகிறார். தலைப்பு வரிசை எல்லாப் பக்கத்திலும் வர 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' இருக்கிறது. ஆனால் டெக்ஸ்ட் ராப்பிங் 'அரவுண்ட்' என்றிருந்தால் அது வேலை செய்யாது, 'நன்' ஆக்கணும். வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று குறைவாக இருந்ததால் நெடில் சுழிகளின் தலை வெட்டுப்பட்டு, கீரமங்கலம் கிரமங்கலம் மாதிரித் தெரிந்தது. 'சிங்கிள்' ஆக்கியதும் சரியானது. இந்த 'எக்ஸாக்ட்லி'யைத் தமிழ் அடிக்கிறவர்கள் தொடாமலிருப்பதே நல்லது.

கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் மிஞ்சியது. டேபிளுக்குப் பின்னால் வேர்ட் ஒரு பத்திக்குறியை வைத்தே தீரும், அழிக்க முடியாது. எழுத்தளவை 1 ஆக்கினால் முந்தைய பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதைச் செய்யப் போனேன். அம்மா தடுத்தாள்.

"அது கெடக்கட்டும் தம்பி. ஆவணியில நம்ம செய்யறத எழுத எடம் வேணும்ல."