இந்த வண்டி எவ்வளவு தூரம் போகணும்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகம் விற்பவர் அப்படித்தான் கெடு வைத்திருந்தார். "நல்ல இசுசு இன்ஜின் சார். கியர் பாக்ஸோட இருக்கு. பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டா எடுத்து வெக்கிறேன். இல்லன்னா வேற ஆள் கொண்டு போயிடுவாங்க."

போனில் வந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டே அவர் கொட்டகைக்குள் போனார். கீழ்பென்னாத்தூர் வீட்டின் பின்பக்கம், ஒரு காலத்தில் அப்பா மல்லாட்டை மூட்டை அடுக்கி வைத்த தகரக் கொட்டகை அது. உள்ளே 1968-ம் வருடத்து அம்பாசிடர் மார்க் 2. பெயின்ட் வேலை முடிந்து, பானெட் மட்டும் திறந்து கிடந்தது. அப்பா காலமாகி ஆறு வருடம். வண்டி நின்று பதினோரு வருடம்.

வண்டியை எடுத்து ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தபோது டிங்கரிங், சீட், வயரிங் எதற்கும் அவர் யோசிக்கவில்லை. இன்ஜினில் வந்துதான் நின்றுவிட்டார்.

பழைய இன்ஜின் 1489 சிசி பெட்ரோல். அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்துச் செய்த கார் என்பது பலருக்கும் தெரியும். இந்த இன்ஜினும் அந்த ஊர் வழிதான். எம்.ஜி.ஏ. என்ற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்து இன்ஜின். ஆனால் வேகம் கிடையாது. ஸ்டியரிங்கிலேயே கியர், மொத்தம் நாலு. இசுசு, 90-களில் அம்பாசிடருக்கே கம்பெனி போட்டுக்கொடுத்த 1.8 லிட்டர் இன்ஜின். ஐந்து கியர். காலையில் சென்னையில் கிளம்பினால் திண்டிவனம், செஞ்சி வழியாக சுமார் 170 கிலோமீட்டரை முக்காமல் முனகாமல் ஓடி வந்துவிடலாம்.

புத்தி இசுசு பக்கம் போனது. மனசு மட்டும் விடவில்லை. காரணம் அப்பா.

80-களில் ஊரில் அம்பாசிடர் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் போட்டார்கள். டீசல் விலை அப்போது அவ்வளவு குறைவு. அப்பா மட்டும் மாற்றவில்லை. 'கம்பெனி போட்ட இன்ஜினை மாத்தக் கூடாதுங்கிறது அவர் கொள்கை' என்று சின்ன வயதிலிருந்தே இவர் நினைத்து வந்திருக்கிறார். அப்பா கட்டிக்காத்ததை மகன் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதா?

சனிக்கிழமை காலை திருவண்ணாமலையிலிருந்து மேஸ்திரி வந்தார். நாற்பது வருடமாக அம்பாசிடர் பார்க்கிற கை.

"எது நல்ல இன்ஜின்னு கேக்காதீங்க தம்பி. இது செத்துடுச்சா, உயிரோட இருக்குதான்னு முதல்ல பார்ப்போம்."

நாலு நாள் முன்பே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி ஊற வைத்திருந்தார். இப்போது முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினார். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு முனகலோடு சுற்றியது. பேட்டரி கொடுத்து, கேஜ் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். இரண்டு நன்றாக இருந்தன. இரண்டு குறைவு. குறைந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ஒன்றில் முள் ஏறியது. மற்றதில் ஏறவில்லை.

"ஏறினதுல ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு. ஏறாததுல வால்வு உக்காரல. ரெண்டுமே சரி பண்ற நோய்தான்."

ஹெட்டைப் பிரித்தார்கள். பிளாக்கில் விரிசல் இல்லை. முன்பே ஒரு தடவை போர் போட்டிருந்தது தெரிந்தது. இன்னும் இரண்டு தடவை போட இடம் இருக்கிறது, அதற்கப்புறம் ஸ்லீவ்தான் என்றார் மேஸ்திரி. வால்வு சீட்டுக்குக் கடினமான ரிங் வைக்கச் சொன்னார். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. 2000-ம் ஆண்டோடு நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. இப்போது 20 சதவிகித எத்தனால் கலப்பு வேறு. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதற்குத் தாங்காது. தாங்குகிற ரகமாக மாற்ற வேண்டும்.

"இசுசு போட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்லையே ணா?"

"வேற தொல்லை இருக்கு. நாலு வீல்லயும் டிரம் பிரேக், பவர் கிடையாது. ஓட்டத்தக் கூட்டிட்டு நிக்கறத அப்படியே விட்டா யாரு பதில் சொல்றது? பிரேக்க மாத்தணும், மவுன்ட் மாத்தணும், ஸ்டியரிங் கியரத் தூக்கிட்டு ஃப்ளோர் கியர் வெக்கணும். இன்ஜின் விலைய மட்டும் பாத்துட்டு இறங்காதீங்க."

நோட்டில் கணக்குப் போட்டார்கள். பழையதைச் சரிசெய்ய சுமார் 85,000 ரூபாய். இசுசு, அதற்கான மற்ற வேலைகளோடு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

சட்டம் இன்னொரு பக்கம். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பர் ஏற வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொல்லாமல் மாற்றிவிட்டு ஓட்டினால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். இன்னொரு விதியும் உண்டு. 2021-ல் வந்தது. 50 வருடம் தாண்டி, இன்ஜின், சேஸிஸ், பாடியில் பெரிய மாற்றம் இல்லாத சொந்த வண்டியை விண்டேஜாகப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். சந்தைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போக முடியாது. அவருக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. கொட்டகையில் நிற்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னார். "பழசையே வெச்சிக்கலாம்னு தோணுதும்மா. அப்பா அதை மாத்தவே இல்லையே."

அம்மா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "மாத்தறதுக்கு ஆசைப்பட்டாருடா. காசு இல்ல."

அவர் நிமிர்ந்தார்.

"விழுப்புரம் வரைக்கும் போய் டீசல் இன்ஜினுக்கு விலை பேசிட்டு வந்தாரு. அந்த வருஷம்தான் உங்கக்காவுக்கு வரன் அமைஞ்சுது. இன்ஜினுக்கு வெச்சிருந்த காசு தோடு மூக்குத்திக்குப் போச்சு. அப்புறம் மல்லாட்டை விலை விழுந்துச்சு. அவ்ளோதான். கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் அப்பாவின் பிடிவாதம் என்று பெருமையாகச் சொல்லிவந்தது, அப்பாவின் இல்லாமை. ஊரே டீசலில் ஓடியபோது, பெட்ரோல் பங்கில் கணக்குப் பார்த்துப் போட்ட மனிதர். கொஞ்ச நேரம் கழித்து, வருத்தத்தோடு கூடவே மனசு லேசானதையும் உணர்ந்தார். அப்பாவுக்காக இன்ஜினை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. இசுசு போட்டால் அப்பா சந்தோஷம்தான் படுவார்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது?

"உனக்கு இந்த வண்டியில எங்கம்மா போகணும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "அவலூர்ப்பேட்டைக்கு. என் தம்பி வீட்டுக்கு. அப்புறம் கூட்டம் இல்லாத நாள்ல மலைய ஒரு சுத்து."

பதில் அங்கேயே இருந்தது. சென்னைக்கும் ஊருக்கும் ஓடுவதற்கு அவரிடம் ஏற்கெனவே ஏ.சி. கார் இருக்கிறது. இந்த வண்டிக்கு இருக்கிற வேலை அவலூர்ப்பேட்டை, திருவண்ணாமலை, பதினாலு கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கு இசுசுவின் வேகம் தேவையே இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டியவருக்கோ, பிளாக் வெடித்துப்போனவருக்கோ இதே கணக்கு வேறு விடை தரும். அவர்கள் முறைப்படி அனுமதி வாங்கி, பிரேக்கையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. இவருக்கு அந்த அவசியம் இல்லை.

ஞாயிறு காலை புதுப்பேட்டைக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். பிளாக் திருவண்ணாமலை லேத்துக்குப் போனது. போர் போட்டு, புது பிஸ்டன், ரிங், வால்வு சீட் வைத்துத் திரும்பிவர ஏழு வாரம் ஆனது. அதற்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாலு நடை. காலாவதியான ஆர்.சி.யை அபராதத்தோடு புதுப்பித்து, பசுமை வரி கட்டி, வாரிசு முறையில் உரிமையாளர் பெயரை மாற்றினார். அம்மா பெயருக்கு.

"எனக்கு ஓட்டவே தெரியாதே!"

"ஓட்டறதுக்கு நான் இருக்கேன்."

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் விரட்டக் கூடாது என்பது மேஸ்திரி உத்தரவு. அவலூர்ப்பேட்டை ரோட்டில் நாற்பதைத் தாண்டாமல் போனார். டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. முன் சீட்டில் அம்மா, மடியில் தம்பி வீட்டுக்கு எடுத்த பூவும் பழமும். அவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஹீட் முள்ளைப் பார்த்தார். அது நடுவிலேயே நின்றது.

"மெதுவா போறேன்னு நினைக்காதம்மா. புது போர்..."

"உங்கப்பா இதைவிட மெதுவாத்தான் போவாரு. பெட்ரோல் மிச்சமாகுமாம்" என்றாள் அம்மா. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள்.