காயாத பளபளப்பு

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு தம்பி, கவிதைதான் குவிஞ்சு கிடக்கு" என்றார் பேரவைச் செயலாளர். எனக்குக் கவிதை வராது. எனக்கு வந்ததெல்லாம் ஒரு பேனா. அதுவும் முதல் தடவை சரியாக வரவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள் நண்பர்களே!

2024 நவம்பர் கடைசியில் எங்கள் லேத் செக்ஷன் சார் ஓய்வு பெற்றார். சால்வை, மாலை எல்லாம் வழக்கம்போல் உண்டு. அதோடு நம் கையாலேயே ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் பேச்சு வந்தது. "மரப்பேனா" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அப்பா அம்பாசமுத்திரத்தில் கடைசல் வேலை பார்க்கிறவர். மஞ்சள் கடம்ப மரத்தில் சொப்புச் சாமான் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். அந்தத் திமிர்!

கடைவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. தேக்குத் துண்டில் 7 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, மாண்ட்ரலில் கோத்து லேத்தில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் உருவம் வந்துவிடும். 120-ம் நம்பர் எமரியில் ஆரம்பித்து 600 வரை போனால் மரம் பட்டு மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் என்ன பூசுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். மறுநாள் விழா. சீக்கிரம் காய வேண்டும், பளபளவென்றும் இருக்க வேண்டும்.

கார்பெண்டரி செக்ஷன் அலமாரியில் பாதி பாட்டில் பிரெஞ்சு பாலிஷ் இருந்தது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் அது. லேத்தை ஓடவிட்டு மெல்லத் தடவினேன். பத்து நிமிடத்தில் என் முகம் தெரிந்தது. தொட்டால் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நம்பி மேலும் நாலு கை பூசினேன். விழாவில் சார் அதைத் தூக்கிக் காட்டியபோது கைதட்டல் ஓய ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

எட்டாம் நாள் பென்ஷன் காகித விஷயமாகச் சார் கல்லூரிக்கு வந்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். சட்டைப் பை நூலெல்லாம் அதில் ஒட்டியிருந்தது. பிடிக்கிற இடத்தில் ரேகை ரேகையாக அச்சு. "ஏ தம்பி, பேனாவை எடுத்தா சட்டையும் சேர்ந்து வருதே!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஒரு வாரம் கொடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அப்பா அதை மோந்து பார்த்தார், நகத்தால் அழுத்திப் பார்த்தார். "ஏல, எப்பக் கரைச்ச பாலிஷ் இது?"

"தெரியலப்பா. பாட்டில்ல இருந்துச்சு."

"பழசுல்லா! கரைச்சு வச்ச அரக்கு பழசாயிட்டா காஞ்ச மாதிரி காட்டும், காயாது. கண்ணாடியில ஒரு சொட்டு விட்டுப் பாத்திருக்கணும்லா?"

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் முதலாமாண்டில் கெமிஸ்ட்ரி படித்துத் தேறியவன். அரக்கு அமிலத்தன்மையுள்ள பிசின், ஸ்பிரிட் ஓர் ஆல்கஹால். இரண்டும் பாட்டிலுக்குள்ளேயே மெல்ல மெல்லச் சேர்ந்து எஸ்டர் ஆகின்றன. அது கெட்டிப்படாமல் பிசுபிசுத்தே கிடக்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! பாட்டிலைக் கையில் எடுத்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். என்.சி. லாக்கர் கால் மணியில் கைக்குக் காய்ந்தது. ஆனால் அது மழைக்காலம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. தேக்கின் மேல் பால் கொட்டியது போல் வெள்ளை பூத்துவிட்டது. அது உள்வரை கெட்டிப்படவும் நாட்கள் பிடிக்கும். இரண்டு டப்பாவைக் கலந்து பூசுகிற பி.யு. நல்ல சரக்குதான். கதவுக்கும் மேஜைக்கும் அது சரி. ஒரு பேனாவுக்காகக் கலந்தால் மிச்சமெல்லாம் கிண்ணத்திலேயே கல்லாகிவிடுகிறது. ராத்திரி முழுக்கக் காயவேண்டியிருப்பதால் தூசியும் வந்து உட்காருகிறது.

கடைசியில் கைகொடுத்தது பெட்டிக்கடையில் தொங்குகிற இன்ஸ்டன்ட் பசை. சயனோஅக்ரிலேட் என்பது அதன் பெயர். 1942-ல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிபார்ப்பானுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது அகப்பட்டது. எதைத் தொட்டாலும் ஒட்டுகிறதே என்று ஒதுக்கி வைத்து, 1958-ல்தான் பசையாகவே கடைக்கு வந்ததாம். இது ஸ்பிரிட் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. லாக்கரைக் கெடுத்த அதே மழை இதற்கு ஒத்தாசை செய்தது.

அதிலும் பட்டேன். முதல் பூச்சுக்கு ஒர்க்‌ஷாப் வழக்கப்படி பனியன் வேஸ்ட்டை எடுத்தேன். பருத்தியில் இந்தப் பசை ஊறினால் சூடு கிளம்பும். விரலிடுக்கில் புகை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது! ஓடுகிற லேத்தில் தொங்குகிற துணியைக் கொண்டு போனதே தப்பு. விரலையும் சேர்த்து இழுத்திருக்கும். டிஷ்யூ பேப்பரை மடித்துத்தான் தடவ வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், ஆவி கண்ணை எரிக்கும். இரண்டாம் தடவை பேனா இரண்டு பக்க புஷ்ஷோடும் ஒட்டிக்கொண்டது. பிளேடால் கீறிப் பிரித்ததில் ஓரம் பெயர்ந்தது. மூன்றாம் தடவை புஷ்ஷில் மெழுகு தடவிவிட்டு ஆரம்பித்தேன்.

சாரின் பேனாவை முனை தட்டிக் கழற்றி, பழைய பாலிஷை ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்தேன். தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் அசிட்டோனாலும் துடைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் கூட ஆகாத எட்டு மெல்லிய பூச்சு. பிறகு தண்ணீர் தொட்டு 600-லிருந்து 2000 வரை வாட்டர் பேப்பர், கடைசியில் ரப்பிங் காம்பவுண்டு. டியூப் லைட் நெளியாமல் கோடாகத் தெரிந்தது. நானே இரண்டு வாரம் சட்டைப் பையில் வைத்து, வியர்வையில் ஊறவிட்டு, அதன் பிறகுதான் சாரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் என்று சொன்னது ஐந்து வாரம் ஆகிவிட்டது. சார் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பேனா இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.

கொடுக்கும் முன் அப்பாவிடம் காட்டினேன். விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. மரத்தத் தொட்டாப்புல இல்ல, பிளாஸ்டிக்கத் தொட்டாப்புல இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது அட்சரம் தப்பாத உண்மை. அது அக்ரிலிக் பிளாஸ்டிக்கேதான். கீழே விழுந்து விரிசல் விட்டால் தெரியாமல் ஒட்டுப்போடுவது கஷ்டம், சில சமயம் முழுக்க உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டியிருக்கும்.

"எங்க, ஒரு கட்டையக் கொண்டா" என்று தன் கடைசலில் ஏற்றினார். ஸ்பிரிட் இல்லை, பாட்டில் இல்லை. வெறும் அரக்குக் குச்சி. சுற்றுகிற மரத்தில் அழுத்தியதும் உரசுகிற சூட்டில் உருகி ஏறியது. தாழை மடலை வைத்து ஓட்டினார். ஆவியாவதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்பதால் காய்கிற பேச்சே கிடையாது, ஆறினால் முடிந்தது. இறக்கி என் கையில் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நான் ஐந்து வாரம் தேடிய சமாச்சாரம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது!

அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். கட்டைவிரல் படுகிற இடத்தில் வியர்வை பட்டுப் பட்டுக் கொஞ்சம் மங்கியிருக்கிறது. சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் காட்ட வேண்டும். புதிதாகக் கரைத்த அரக்கு நாலு சொட்டுத் தொட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார்.