பனி காணாத ஊர்

திருப்பூர் இராயபுரத்தில் வெண்பனி பெய்ததில்லை. ஆயினும் பனிநாட்டார்க்குரிய ஆடைகள் எம் தெருவில் கோடை வெயிலிலேயே தைக்கப்படுகின்றன. எம் தந்தையார் அத்தொழிலினர். உட்புறம் மயிர் எழுப்பிய துணியை அவர் வெட்டுங்கால், வெண்துகள் தலையிலும் புருவத்திலும் படியும். சிறுவயதில் யாம் அதனையே பனி என்று எண்ணியிருந்தோம்.

குளிரைத் தடுப்பது நூலன்று. அம்மயிரிடையே சிறைப்பட்ட காற்றே. காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வடதுருவப் பகுதியின் இனுவிட்டு மக்கள் பனிப்பாளங்களை அடுக்கி வீடு சமைத்து, அதனுள் வெம்மை காத்ததும் பனியினுட் பொதிந்த காற்றின் துணையாலேயாம். காசுமீரத்தாரோ பின்னற் கூடையில் அமைந்த மண்கலத்திற் கரிநெருப்பிட்டு, பெரன் என்னும் நெடுஞ்சட்டையினுள் ஏந்தித் திரிவர். அதற்குக் காங்கிரி என்று பெயர்.

நெடுநல்வாடை பயின்றபோது எமக்கு வியப்புண்டாயிற்று. அங்கும் வாடையில் நடுங்கினோர் தண்ணீரை வெறுத்து, தடவு என்னும் வாயகன்ற நெருப்புக் கலத்தை நாடுகின்றனர். காங்கிரிக்கு நக்கீரர் பாட்டில் ஓர் உறவு கண்டோமென்று தந்தையாரிடம் உரைத்தோம். அவர் நகைத்தார், நகை இருமலாயிற்று. அத்துகள் மூச்சினுள்ளும் புகுவதன்றோ!

மார்கழி இரவுகளில் அவ்விருமல் மிகும். குளிராடை தைப்பவருக்கு இருந்தது பழைய போர்வையொன்றே. சென்ற மார்கழியில், ஏற்றுமதியிற் கழிக்கப்பட்ட மேலாடையொன்றைக் காதர்பேட்டையில் வாங்கிச் சென்றோம். அளவு பெரிது. தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையை இருமுறை மடித்து அணிந்துகொண்டார்.

“யார் மேலுக்கோ அளந்தது, கண்ணு” என்றார்.