உள்ளங்கைச் சுரங்கம்

2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஸ்ரீவில்லிபுத்தூரினின்றும் பால்கோவாப் பொட்டலத்துடன் பஸ் ஏறி இராஜபாளையத்து அம்மான் இல்லம் சேர்ந்தோம். நூல் மில்லொன்றிற் பணியாற்றும் அம்மான் மகன், தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கெனச் சேர்த்த பணத்தில், பிட்காயின் தோண்டும் யந்திரமொன்றை வரவழைத்திருந்தான். சுரங்கம் என்றதும் யாதோ பேருருவை எதிர்பார்த்த நமக்கு, உள்ளங்கையளவான பலகையும் அதன்மேற் சுழலும் விசிறியுமே காணக் கிடைத்தன. ‘பிட்டாக்ஸ்’ என்பது அதன் பெயராம்.

தோண்டுவது மண்ணையன்று, எண்களை. வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சங்கோடி முறை எண்ணை மாற்றி மாற்றியிட்டு, விதித்த அளவிற்குக் கீழ்ப்பட்ட விடையொன்றைத் தேடுகின்றது. உலகில் யாரேனும் ஒருவர்க்குச் சுமார் 10 நிமிஷத்திற்கொரு முறை அது வாய்க்கும். வாய்த்தவர்க்கு, 2024 ஏப்ரல் முதல், 3.125 பிட்காயின் பரிசு.

“இனாமாய் வரும் 100 யூனிட்டிற் காற்பங்கை இது தின்றுவிடுமே!” என்றார் அத்தையார். பலகைக்கு 18 வாட். இரண்டு மாதத்திற்கு 26 யூனிட். அம்மையார் படியாதவரெனினும் கணக்குப் பிசகவில்லை.

அன்றிரவு விசிறியின் ரீங்காரத்தில் உறக்கம் வாராது, பென்ஸிலும் காகிதமுமாய் அமர்ந்தோம். உலக யந்திரங்கள் யாவற்றின் வலிமையும் இதனினும் சுமார் 80 கோடி மடங்கு. அங்ஙனமாயின், சராசரியில் 15,000 ஆண்டுகட்கொரு முறையே பரிசு கிட்டும்!

“நாளைக்கே கிடைக்கலாமன்றோ, அத்தான்?” என்றான் காலையில். கிடைக்கலாம் என்பதும் மெய்யே. மறுக்க நா எழவில்லை. காகிதத்தை மட்டும் நீட்டினோம். இருமுறை படித்தான். விசிறியை நிறுத்தினானில்லை. தங்கையை அழைத்து, “கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எது?” என்று வினவினான்.