குமிழியின் சாட்சி

எங்கள் வீட்டு மேல்மாடி அறைக்குக் கதவு மாட்டிய அன்றே அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. சாத்தி வைத்தால் மெல்லத் திறந்துகொள்ளும். பாதி திறந்து விட்டால் முழுவதும் திறந்து சுவரில் முட்டும். "கடற்காற்றுத்தான்" என்றாள் என் மனைவி. வெள்ளவத்தையில் கடலுக்கு அண்மையிற் குடியிருப்போர் எந்தக் குற்றத்தையும் கடற்காற்றின் தலையிற் போட்டுவிடுவது வழக்கம். துருப்பிடித்த பூட்டும் உப்பூறிய சுவரும் அதன் கணக்கிலேயே எழுதப்படும். ஆனால், காற்று அசையாத நடுப்பகலில், சன்னல்களையெல்லாம் அடைத்த பின்னரும் அந்தக் கதவு தானாகவே திறந்தது. காற்றின்மீது பழி சுமத்த இடமில்லாமற் போயிற்று.

"கதவிலே குற்றமில்லை, மாஸ்டர், நிலைதான் சாய்ந்திருக்குது" என்றார் தச்சர்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில், அந்த நிலையை நிறுத்தியபோது பக்கத்தில் நின்று, இப்படித்தான் நிற்க வேண்டும் என்று கட்டளையிட்டவன் நானே.

சென்ற ஆண்டு, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கென்று மேலே ஓர் அறை கட்டத் தொடங்கினோம். வேலையை ஏற்றவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த முதியவர். எழுபதை அண்மிய வயது. கொழும்பிலே கொத்தனாரைப் 'பாஸ்' என்று அழைப்பர். ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச்சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. நம் பாஸிடம் இருந்த கருவிகள் மிகச் சில. சாந்தகப்பை, நூற்பந்து, பித்தளைத் தூக்குக்குண்டு, நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், நிறம் மங்கிய இரண்டடி மரமட்டம், இவ்வளவே. அவற்றைக் கண்டு எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. கடன்பட்டுக் கட்டுபவனுக்கு எதைக் கண்டாலும் ஐயந்தான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை பழைய சோனகத் தெருவுக்குச் சென்றேன். கட்டடச் சாமான் வாங்குவோர் கொழும்பிலே தேடிப் போகும் தெரு அது. ஒரு கடையில் நீர்மட்டங்கள் குட்டையும் நெட்டையுமாகச் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நான் பார்த்தவை இரண்டே: ஒன்று நீளம், மற்றது பளபளப்பு. ஆறடி நீளமான அலுமினியக் கோலொன்றை வாங்கி முச்சக்கர வண்டியில் ஏற்றினேன். அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலி வீதி நெரிசலில் அங்குமிங்கும் இடிபட வீடு வந்து சேர்ந்தேன். பின்னர் வெளிப்பட்ட குற்றம் கடையிலிருந்து வந்ததோ, அந்தப் பயணத்தில் நேர்ந்ததோ, யாரும் சொல்ல முடியாது.

நிலையை நிறுத்திய அன்று, பாஸ் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூலுக்கும் மரத்துக்கும் இடையே மேலும் கீழும் ஒரே இடைவெளி இருப்பதை அளந்து காட்டி, "சரி, மாஸ்டர்" என்றார். நான் என் புதிய கோலை நிலையோடு சேர்த்து நிமிர்த்தினேன். குமிழி கோட்டைத் தாண்டிக் கடற்பக்கமாக ஒதுங்கி நின்றது.

"பாஸ், இது சாய்ந்திருக்கிறதே!"

அவர் குமிழியைப் பார்த்தார், நூலையும் பார்த்தார். "அந்த மட்டத்தை ஒருக்காத் திருப்பி வையுங்கோ மாஸ்டர், பாப்பம்" என்றார்.

நான் திருப்பவில்லை. "புதுச் சாமான், பாஸ். இதைத் திருப்பி என்ன காணப் போகிறீர்கள்? உங்கள் நூல்தான் காற்றில் ஆடுகிறது" என்றேன். உதவியாட்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றனர். பாஸ் மறுமொழி சொல்லவில்லை. முட்டுக்களைக் கழற்றி, என் குமிழி நடுவுக்கு வரும்வரை நிலையை நகர்த்தி, மறுபடி இறுக்கினார். அரைநாள் போயிற்று. வாரக் கணக்குத் தீர்த்தபோது அந்த அரைநாட் கூலியைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுடைய பிழைக்கு நான் எப்படிக் காசு தருவது?" என்று கேட்டதாகவும் நினைவு. அவர் கொடுத்ததை வாங்கி மடியிற் செருகினார். வேலை முடிந்ததும் போய்விட்டார்.

இப்பொழுது தச்சர் அதே கோலைக் கேட்டு வாங்கினார். முதலில் நான் வைத்தது போலவே நிலையோடு சேர்த்து நிமிர்த்தினார். குமிழி நடுவில் நின்றது. அடுத்து, மேல்முனை மேலேயே இருக்க, மறு விளிம்பு மரத்தில் படும்படி கோலைத் திருப்பினார். குமிழி கோட்டை விட்டு வெகுதூரம் ஓடிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

இக்கருவியின் பெயர்களே வேடிக்கையானவை. நாம் நீர்மட்டம் என்கிறோம்; கண்ணாடிக்குள் இருப்பது நீரன்று. தமிழ்நாட்டுக் கொத்தர் இரசமட்டம் என்பர். உள்ளே பாதரசமும் இல்லை. இருப்பது மதுசாரம் போன்றதோர் இலேசான திரவம். அதனுள்ளே குமிழி தடையின்றி விரைந்து நகரும். 1660-களின் தொடக்கத்தில் மெல்கிசெதேக் தெவெனோ என்னும் பிரெஞ்சுக்காரர் இக்கருவியை அமைத்தார். கண்ணாடிக் குழாய் நேராகத் தோன்றினும், அதன் நடுப்பகுதி மிக நுண்ணியதாக மேல்நோக்கி வளைந்திருக்கும். குமிழி எப்போதும் உயர்ந்த இடத்தையே நாடும். கோல் மட்டமாயிருந்தால் உயர்ந்த இடம் நடுவே. ஆனால், அந்தக் கண்ணாடியே கோலில் சிறிது சரிவாகப் பொருத்தப்பட்டிருந்தால்? குமிழி அப்போதும் தன் கடமையைச் செய்யும். நாம்தான் அதன் சாட்சியைப் பிழையாகப் படிப்போம்.

இதற்குப் பரிகாரம் வெகு எளிது. கோலை ஒரு தளத்தில் வைத்து, இரு முனைகளையும் பென்சிலால் அடையாளமிட்டு, குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்க வேண்டும். பின்னர் கோலை முனைமாற்றி, அதே அடையாளங்களுக்கிடையே வைக்க வேண்டும். முதலிலும் கடற்பக்கம், திருப்பிய பின்னும் அதே அளவு கடற்பக்கம் என்றால் தளம் சாய்ந்திருக்கிறது, கோல் நல்லது. முதலிற் கடற்பக்கம், பின்னர் காலி வீதிப் பக்கம் என்றால் குற்றம் கோலிலே. இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டில் சரிபாதியே கோலின் பிழை. என்னுடையதில் அது ஆறடிக்கு நான்கு மில்லிமீற்றர் அளவில் இருந்தது. நல்ல தயாரிப்பாளர் ஒரு மீற்றருக்கு அரை மில்லிமீற்றர் அளவே பிழையை அனுமதிப்பர். ஆறடிக்கு அது ஒரு மில்லிமீற்றரும் ஆகாது. நிமிர்த்திப் பார்க்கும் குமிழி வேறு, படுக்கைக் குமிழி வேறு. ஒன்று நல்லதென்பதால் மற்றதும் நல்லதென்று கொள்ளலாகாது. ஆகவே இரண்டையும் சோதித்தல் வேண்டும்.

இதையறிய விஞ்ஞானம் படித்திருக்க வேண்டுமென்பதில்லை. எழுத்தறியாத என் பாட்டி சந்தையிலே தராசில் ஐயம் வந்தால், "கல்லை அந்தத் தட்டிலே போடு, சாமானை இந்தத் தட்டிலே போடு" என்பார். முள் மறுபக்கம் சாய்ந்தால் வியாபாரியின் முகம் மாறும். பாட்டி செய்ததையே பாஸும் கேட்டார். பட்டதாரியான நான்தான் மறுத்தேன்.

வீடு கட்டும் அன்பர்களுக்கு, காசு கொடுத்துப் படித்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நிலைக்கும் உயர்ந்த சுவருக்கும் நீளமான கோல் வேண்டுமென்பது உண்மை. குட்டைக் கோல் ஒரு சிறு மேட்டிலோ பள்ளத்திலோ அமர்ந்து அதையே முழுச் சுவரென்று சொல்லிவிடும். ஆயினும், நீளம் கூடக் கூடக் கோல் வளையாதிருப்பது அரிதாகும். ஆதலால் வாங்கும்போது ஒரு முனையில் கண்ணை வைத்து விளிம்பு நெடுகிலும் பாருங்கள். இரண்டு கோல்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் ஒளி தெரிகிறதா என்பதும் புலப்படும். பெட்டி வடிவான கோல் எளிதில் முறுகாது. கண்ணாடி அசையாதபடி இறுகப் பதிந்திருத்தல் நன்று. கடை மேசையிலேயே திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. கடைக்காரர் முகஞ்சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். அத்தெருவிலே கடைகளுக்குக் குறைவில்லை. வேலைத்தலத்தில் விளிம்பிலே சீமெந்து காய்ந்து ஒட்டியிருந்தால் அதுவே பிழை காட்டப் போதுமானது. வெயிலிற் போட்டுவிட்டால் திரவம் விரிந்து குமிழி சிறுக்கும். கோல் ஒரு முறை கீழே விழுந்தால் மறுபடியும் சோதியுங்கள். இக்காலத்து லேசர் கருவிகளுக்கும் இதே விதிதான்.

மறு ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கடக்கையில் கால்கள் நின்றன. 1907 முதல் 1912 வரை சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த கோயில் அது. அலுமினியக் கோலும் லேசரும் அறியாத கைகள் நிறுத்திய தூண்கள் அப்படியே நிற்கின்றன. தூக்குநூலைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. அதை இழுத்துப் பிடிப்பது பூமி.

ஒடுங்கிய ஒழுங்கையில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். முக்காலி போட்டு இருக்கச் சொன்னார். நடந்ததைச் சொல்லி, "என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும், மாஸ்டர்."

"தெரிந்துமா நிலையை மாற்றினீர்கள்?"

"வீடு உங்கட. மட்டமும் உங்கட கையிலை. ஒருக்காத் திருப்பச் சொன்னன், நீங்கள் திருப்பேல்லை. அதுக்கு மேலை கூலிக்காரன் என்னத்தைச் சொல்லுறது?"

அந்தக் குரலிலே கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். காசை நீட்டினேன். எண்ணிப் பார்த்து, அரைநாட் கூலிக்கு மேற்பட்டதைத் திருப்பித் தந்துவிட்டார்.

அடுத்த வாரம் வந்து நிலையைப் பெயர்த்து நூல் பிடித்து நிறுத்தினார். என் கோலை எறிந்துவிடப் போனேன், அவர் தடுத்தார். இரு பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்து, குமிழி உண்மையில் நிற்க வேண்டிய இடத்தைக் கண்ணாடியில் சிறு கோட்டால் அடையாளமிட்டார். "பிழை தெரிஞ்ச மட்டத்தை வைச்சு வேலை செய்யலாம், மாஸ்டர். தெரியாததுதான் கெடுக்கும்" என்றார்.

இருபது ஆண்டுகளாக மாணவரின் விடைத்தாள்களுக்குப் புள்ளியிட்டு வருகிறேன். "சேர், இதை இன்னொருக்காப் பாருங்கோ" என்று வந்த பிள்ளைகளிற் பலரை, பார்க்காமலே அனுப்பியதுண்டு. இப்பொழுது கட்டைத் திருத்தி முடித்ததும், அதைப் புரட்டிக் கடைசித் தாளிலிருந்து சிலவற்றை மறுபடி பார்க்கிறேன். அவ்வப்போது சில புள்ளிகள் மாறத்தான் செய்கின்றன.

மகளின் அறைக் கதவு இன்று விட்ட இடத்தில் நிற்கிறது.