விசாரித்துவிட்டு வா!

ஜெபம் செய்கிறவர்கள் ஆண்டவனிடம் என்னதான் சொல்லுகிறார்கள் என்று நீங்கள் எப்போதாவது ஒட்டுக் கேட்டதுண்டா? நான் கேட்டிருக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது தவிர்க்க முடியாத சங்கதி. இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சுகம் தாரும். என் பரீட்சையில் துணை நில்லும். என்னுடைய இடமாற்றல் உத்தரவு ரத்தாகும்படி செய்யும். என் பெண்ணுக்கு நல்ல வரன் கொடும்! இவ்வளவும் முடிவதற்குள் ரசம் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். இதற்கும் தாலுகா கச்சேரி வாசலில் எழுதப்படும் மனுவுக்கும் என்ன வித்தியாசம்? இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆகையால், ஜெபம் மனிதனுடைய சுயநலத்தைக் கரைத்துவிடும் என்று பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் தட்டும். 'எனக்கு, எனக்கு' என்று நாள்தோறும் சொல்லிப் பழகுகிறவனுக்கு அந்த எண்ணம் உரம் பெறுமா, கரையுமா? நெடுநாள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தேன். பதில் எங்கள் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் சொன்ன ஒரு கதையிலேயே இருந்தது. ஆனால் அங்கே அழுத்திச் சொன்ன இடம் வேறு. எனக்குப் பதில் கிடைத்த இடம் வேறு.

வேலூர் ஆஸ்பத்திரியை உங்களுக்குத் தெரியும். அதை உண்டாக்கிய ஐடா ஸ்கடரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த டாக்டர். பிறகு சென்னைக்கு வந்தார். மகன்களும் மிஷன் ஊழியர்கள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஐடாவுக்கோ ஒரே ஒரு வைராக்கியம்தான் இருந்தது: என்ன ஆனாலும் சரி, நான் மட்டும் மிஷனரி ஆகமாட்டேன்!

'சுகவாசி, அமெரிக்க நாகரிகத்தில் மயங்கிவிட்டாள்' என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது ஐடா சின்னஞ்சிறு பெண். ரொட்டியைக் கையில் வாங்கித் தின்னவும் திராணியற்ற குழந்தைகளுக்கு அதைப் பிட்டு வாயில் ஊட்டியவள் அவள். அந்தக் கண்களும் விலா எலும்புகளும் அவள் மனத்தை விட்டுப் போகவில்லை. இந்த நாட்டை விட்டு ஓடிவிட வேண்டும் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல, இளகிய நெஞ்சம்! பிறர் துன்பத்தைக் காணப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொள்வதும் சுயநலத்தில் ஒரு தினுசுதான். நம்மில் அநேகருக்கு இருப்பது அந்தத் தினுசு. செய்தித்தாளில் கோரமான படம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம் அல்லவா?

அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்த ஐடா, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தாள். கொஞ்ச நாள் உதவிக்கு இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் உத்தேசம். அங்கேதான் அந்த இரவு வந்தது. ஒரு பிராமணர் கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை. 'என் தகப்பனார் டாக்டர், அவர் வருவார்; எனக்கு வைத்தியம் தெரியாது' என்றாள் ஐடா. அந்நிய ஆடவர் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதற்கும் பிறகு இன்னொரு மேல்சாதி இந்து வந்தார். மூவருக்கும் அதே துயரம், அதே பதில். அன்றிரவு ஐடா தூங்கவில்லை. தன் வாழ்வில் முதல் தடவையாகக் கடவுளை நேருக்கு நேர் சந்தித்தது அன்றுதான் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார்.

மூன்று தட்டல்கள், மூன்று மரணங்கள்! இதைத்தான் ஞாயிறு பள்ளியில் டீச்சர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார். நானோ மறுநாள் காலையில் நடந்த ஒரு சின்னக் காரியத்தைப் பிடித்துக்கொள்கிறேன். விடிந்தபோது ஊருக்குள் பறைச் சத்தம் கேட்டது. சாவுப் பறை. ஐடா வேலைக்காரனைக் கூப்பிட்டு, அந்த மூன்று பெண்களும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து வரும்படி அனுப்பினாள். மூவரும் இறந்துவிட்டார்கள் என்று வந்து சொன்னான்.

அவள் விசாரித்திருக்க வேண்டியதே இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கலாம். குழந்தைப் பருவம் முதல் அவள் ஓட விரும்பியது இந்தச் செய்தியிலிருந்துதானே? இரவு முழுதும் ஜெபத்தில் போராடியவள் காலையில் செய்தியைத் தேடி ஆள் அனுப்பினாள். பிறகு அறையைச் சாத்திக்கொண்டு மறுபடியும் ஜெபித்து, வெளியே வந்து, 'நான் வைத்தியம் படிக்கப் போகிறேன்' என்று பெற்றோரிடம் சொன்னாள்.

மற்றது நீங்கள் அறிந்த சரித்திரம். 1899-இல் டாக்டர் பட்டம். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியசாலை. 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி. 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி. ஆனால் இதற்குப் பின்னாலும் ஒரு சோதனை வந்தது. அதை யாரும் மேஜையைத் தட்டிச் சொல்வதில்லை. 1930-களின் கடைசியில், பள்ளியை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏற்பட்டது. அதற்கு மலைபோல் பணம் வேண்டும். பல சபைகள் கைகொடுத்தால்தான் முடியும். அப்படியானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்கென்றே கட்டிய கல்லூரி! அமெரிக்காவில் பணம் திரட்டித் தந்த சிநேகிதிகளே ஆத்திரப்பட்டார்கள். ஐடா தயங்கினார், பிறகு சம்மதித்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். சுகத்தைத் துறப்பதைவிட, 'இது நான் கட்டியது' என்பதைத் துறப்பது பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம். பொறுப்பிலிருந்து விலகிக் கொடைக்கானலில் வாழ்ந்த அவர் 1960-இல் காலமானார்.

பெரியவர்கள் கதை இருக்கட்டும். பாளையங்கோட்டையில் என் பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள். ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா. ஒரே மகன் லாரி விபத்தில் போய்விட்டான். இரண்டு வருஷம் அவளுடைய ஜெபத்தில் ஒரே வாக்கியம்தான்: 'எனக்கு ஏன் இப்படிச் செய்தீர்?' அந்தக் கேள்வியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. ஜன்னல்கூடத் திறப்பதில்லை.

அப்போது கோவிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தெருவில் உள்ள வீடுகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு மூன்று வீடு. எந்த மதத்தாரானாலும் சரி, தினம் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு விழுந்த ஒரு சீட்டு, அடுத்த வீடு! மதில்மேல் சாய்ந்த முருங்கைமரத்தை வெட்டிய தகராறில் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. சீட்டை மாற்றிக் கேட்டாள், தர மறுத்துவிட்டார்கள்.

நாலு நாள் பெயரை மட்டும் முணுமுணுத்தாளாம். ஐந்தாம் நாள் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "அவ சங்கதி ஒண்ணும் தெரியாம என்னத்தைச் சொல்லி ஜெபம் பண்ணுதது?" என்று என்னிடம் சொன்னாள். மறுபடி துளிர்த்திருந்த அதே மரத்தில் பத்துக் காயைப் பறித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படியேறினாள். "வாங்க டீச்சர்" என்ற அந்த அம்மாள் அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாளாம். உள்ளே கட்டிலில் அவள் புருஷன், பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம். புரட்டிப் படுக்க வைக்க இரண்டாவது கை இல்லை. எட்டு மாதமும் ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம்!

அன்றிலிருந்து காலையும் மாலையும் பெரியம்மா அந்த இரண்டாவது கை. மகனை மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அவன் படத்துக்கு முன்னால்தான் இன்றும் முழங்கால் போடுகிறாள். அவளுடைய ஜெபம் மட்டும் நீண்டுவிட்டது. முதலில் தெரு, அப்புறம் ஊர், கடைசியில்தான் 'எனக்கு'. அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டால் அன்றைக்கு 'எனக்கு' கிடையாது.

போன மாதம் போயிருந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து விரித்தாள்.

"ஏல, ஒன் ஆபீஸ்ல ஒனக்கு ஆகாதவன் யாராவது இருக்கானா?"

சிரித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"அவனுக்கு எத்தனை பிள்ளைக? அம்மா அப்பா இருக்காவளா?"

"தெரியாது, பெரியம்மா."

பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். "சரி, விசாரிச்சுட்டு போன்ல சொல்லு. அதுவரைக்கும் பேரை மட்டும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள்.